கல்யாணப் பத்திரிகையும் முக்குளிப்பான் கூடும்

அண்ணனுக்குக் கல்யாணம் முடிவானதும் எங்கள் வீட்டில் முதலில் பங்கு பிரித்தது ஊர்களைத்தான். நாசரேத், சாயர்புரம் பக்கமெல்லாம் அம்மாவுக்கு. மதுரையும் திருச்சியும் அப்பாவுக்கு. பூனாவில் மூன்று வீடுகள் மிச்சம் இருந்தன. அவற்றை யார் தலையில் கட்டுவது என்று பேச்சு வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு, மற்ற நேரமெல்லாம் கூந்தன்குளத்துக் கரையில் பைனாகுலரும் கையுமாக நின்றுகொண்டிருந்தவள் நான்தானே. "நாரையை எண்ணிட்டு நிக்கதுக்கு, பத்திரிகையாவது வச்சிட்டு வரட்டும்" என்றாள் அம்மா.

தபாலில் அனுப்பினால் என்ன என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அக்கா கல்யாணத்துக்குத் தபாலில் போன பத்திரிகையைச் சிஞ்ச்வட் பெரியப்பா உறையைக்கூடப் பிரிக்காமல் திருப்பி அனுப்பியிருந்தார். 'வீட்டில்தான் இருக்கிறேன். கொண்டுவந்து தர ஆள் இல்லையா?' என்று உறையின் மேல் அவர் கையெழுத்து. கல்யாணத்துக்கும் வரவில்லை. அவர் அப்பாவின் பெரியப்பா மகன், அந்தத் தலைமுறைக்கே மூத்தவர். இந்தத் தடவை அவர் வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஆகவே மூன்று பத்திரிகை, மூன்று அல்வாப் பொட்டலம், ஒரு சில்க் காட்டன் சேலை, கல்லூரியில் வாங்கித் திருப்பிக் கொடுக்காத பைனாகுலர் ஆகியவற்றோடு, தொண்ணூறுகள் முடியப்போகிற சமயத்தில், ஓர் அக்டோபர் மாத வியாழக்கிழமை பூனாவில் போய் இறங்கினேன்.

முதல் வீடு கட்கியில் எஸ்தர் அத்தை வீடு. மாமாவின் தாத்தா காலத்திலேயே வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்காக வந்து தங்கிவிட்ட குடும்பம். கல்யாணமாகி வந்து முப்பது வருஷமாகியும் அத்தையின் நாக்கில் நெல்லை அப்படியே இருந்தது. நடுநடுவே பூனா ஊறியிருந்தது. "ஏளா ஜெபா, மொதல்ல நாஷ்டா பண்ணு. பொறவு தூங்கு. சாயங்காலம் பாஜி வாங்கப் போவோம்" என்றாள். நாஷ்டா என்றால் காலைப் பலகாரம், பாஜி என்றால் காய்கறி.

அத்தை மகள் பிரின்ஸி கல்லூரியில் இரண்டாம் வருஷம். முறைப்படி அவள் என்னை மதினி என்று கூப்பிட வேண்டும். "அது ரொம்ப லாங்கா இருக்கு. நான் தீதின்னே சொல்றேன், ஹான்?" என்றாள். சரி என்றேன். அவளுடைய தமிழ், சைக்கிள் பழகுகிறவர்களைப் போல அவ்வப்போது காலை ஊன்றிக்கொண்டு போகும். ஆனால் விழாது.

அன்று மத்தியானச் சாம்பாரில் லேசாக இனிப்பு தட்டியது. கேட்டால் அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம ஊருச் சாம்பார்தாம்ளா. துளியோண்டு வெல்லம் போட்டாத்தான் மாமா சாப்பிடுதாக" என்று சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று யோசிக்காமலே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்திரிகை வைக்கும் சடங்கு. முந்தின நாளிலிருந்து எனக்குச் சோறு போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துவிட்ட அதே அத்தை, நான் தட்டை எடுத்ததும் புதுச்சேலை கட்டிக்கொண்டு, அந்நிய மனுஷியைப் போல நாற்காலியில் வந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாமா ஜெபம் பண்ணினார். "அவசியம் குடும்பத்தோடு வரணும்" என்றேன். "கர்த்தருக்குச் சித்தமானா வாரோம்" என்றாள். பிறகு எழுந்து, சேலையை மாற்றிவிட்டுத் துணி ஊறவைக்கப் போனாள்.

ஒரு வீடு முடிந்தது. இந்த வேகத்தில் போனால் இரண்டு நாள் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டேன்.

சனிக்கிழமை வானவடிக்குப் போக வேண்டும். ராணுவக் குடியிருப்புப் பக்கம் அம்மாவின் சித்தி மகள் வீடு. பூனா நகரப் பேருந்துகளின் நெற்றியில் எண்கள் நாகரி எழுத்தில் இருக்கும். பிரின்ஸி பத்து எண்களையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் நம் எண்ணையும் போட்டுக் கொடுத்தாள். ஒரு தடவை பார்த்தேன், மனப்பாடமாகிவிட்டது என்று தாளை மேஜையிலேயே வைத்துவிட்டேன். பறக்கிற வாத்தை இறக்கையை வைத்தே இன்ன வாத்து என்று சொல்லுகிறவளுக்குப் பத்து எண் ஒரு பொருட்டா?

அவர்களுடைய ஒன்று, அவசரமாகப் பார்த்தால், நம்முடைய ஒன்பதைப் போலவே இருக்கும். அத்தை சொன்னது ஒன்பதில் தொடங்குகிற பேருந்து. நான் ஏறியது ஒன்றில் தொடங்குகிறது. நடத்துநரிடம் "வானவடி" என்றேன். கூட்டத்தில் அவர் காதில் என்ன விழுந்ததோ, சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஜன்னல் ஓரம் கிடைத்த சந்தோஷத்தில் நானும் கேட்கவில்லை. கட்டடங்கள் குறைந்தன. கரும்பு வந்தது. எருமை வந்தது. கடைசி நிறுத்தத்தில் வண்டியே காலியானபோது நடத்துநர் என்னையும், என் சில்க் காட்டன் சேலையையும், மடியில் இருந்த தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். வானவடி என்று மறுபடி சொன்னேன். அவர் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய், நாங்கள் வந்த திசைக்கும் அப்பால் எங்கேயோ காட்டினார்.

அந்த ஊர் பெயர் கரஞ்சவாடி. இறங்கி நின்ற இடத்திலிருந்து ஏரி தெரிந்தது. முக்கால்வாசி ஆகாயத்தாமரை, பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி. மிச்சம் இருந்த கால்வாசித் தண்ணீரில் நாமக்கோழிகள் ஐம்பது அறுபது, நீலத் தாழைக்கோழிகள், ஒற்றைக் காலில் ஒரு சாம்பல் நாரை. என் கை தானாகப் பைக்குள் போய் பைனாகுலரை எடுத்துவிட்டது. வானவடி எங்கும் போய்விடாது என்று தோன்றியது.

கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் முழங்கால் சேற்றில் நின்று, கொக்கி கட்டிய மூங்கிலால் ஆகாயத்தாமரையை இழுத்துக் கொண்டிருந்தார்கள். கழுத்தில் விசில் தொங்க, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் மேற்பார்வை பார்த்தாள். பெயர் சுனந்தா. எல்லாரும் தாயி என்றார்கள். அவர்கள் பேச்சில் அது அக்கா. வார நாட்களில் வங்கிக் கவுன்டரில் உட்காருகிறவள், சனி ஞாயிறில் இந்த ஏரிக்கு வந்துவிடுகிறாள். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள்: "கல்யாணத்துக்கு வழி தவறி வந்தீங்களா?"

"இல்லை, கல்யாணத்துக்குக் கூப்பிட வழி தவறி வந்தேன்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் ஒரு நாரை எழுந்து போனது.

எங்கள் கூந்தன்குளத்தில் பறவை ஊருக்குள்ளேயே வந்து, வீட்டு முற்றத்து மரத்தில் கூடு கட்டும். தவறி விழுந்த குஞ்சை ஊர்க்காரர்களே எடுத்து வளர்ப்பார்கள். தீபாவளிக்கு வெடி கிடையாது. அதையெல்லாம் தாயிக்கு அளந்துவிட்டேன். அவள் இங்கத்திய நிலவரம் சொன்னாள். நகரத்துச் சாக்கடை வந்து சேருகிற ஏரி. அதனால் ஆகாயத்தாமரைக்குக் கொண்டாட்டம். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வருகிற வாத்துகளுக்கு இறங்கத் திறந்த தண்ணீர் வேண்டும். மீன்பிடிக்கிற குடும்பங்களுக்கு ஆழத்துக்குப் போக வழி வேண்டும். இரண்டுக்குமாகச் சேர்த்து நாளைக்கு ஒரு வாய்க்கால் திறக்கிறோம், ஊர் ஆட்களும் வருகிறார்கள், நீயும் வா என்றாள்.

உற்சாகத்தில் வானவடிக்கு வைத்திருந்த அல்வாப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டேன். வாழையிலைப் பொட்டலம் பன்னிரண்டு சேற்றுக் கைகளைச் சுற்றி வந்து பாதியாகத் திரும்பியது. பிறகு ஆறுபேர் உட்காருகிற டப்பா ஆட்டோவில் ஒன்பதாவது ஆளாக உட்கார்ந்து, இரண்டு வண்டி மாறி, விளக்கு வைத்த பிறகு வானவடி போய்ச் சேர்ந்தேன். அங்கே சித்தி பாதி அல்வாவைப் பார்த்தாள், சேலை ஓரத்துச் சேற்றைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் பத்திரிகையை வாங்கிக்கொண்டாள். ராணுவக்காரர் மனைவி.

இரவு கட்கிக்குத் திரும்பியதும் சிஞ்ச்வட்டுக்குத் தொலைபேசி. பெரியப்பா குரலிலேயே இஸ்திரி போட்டிருந்தது. "நாளைக்கு ஒரு மணிக்குச் சாப்பாடு. பெரியம்மா மட்டன் எடுக்கச் சொல்லியிருக்கா. ஒரு மணின்னா ஒரு மணி, என்னட்டி?"

"வந்திருவேன் பெரியப்பா."

ஞாயிறு ஆராதனைக்கு வராமல் ஏரிக்குப் போகிறேன் என்றதும் அத்தை முகம் சுருங்கியது. சாயங்கால ஆராதனைக்குக் கட்டாயம் வருவதாக வாக்குக் கொடுத்து, பிரின்ஸியையும் அவளுடைய ஸ்கூட்டியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பத்திரிகையும் அல்வாவும் ஸ்கூட்டி பெட்டிக்குள். பதினொன்றரைக்குப் புறப்பட்டால் ஒரு மணிக்குச் சிஞ்ச்வட். திட்டத்தில் ஓட்டையே இல்லை.

ஏழு மணிக்கு ஏரிக்கரையில் முப்பது பேர் இருந்தார்கள். எலுமிச்சை பிழிந்த அவல் உப்புமாவைச் செய்தித்தாளில் வைத்துக் கொடுத்தார்கள். நம் ஊரில் அவல் காய்ச்சல்காரனுக்கு. இங்கே அதைத் தின்றுவிட்டு மலையையே புரட்டுகிறார்கள். தாயி மூங்கில் கம்புகளைக் காட்டினாள். தண்ணீருக்குள் நேர்வரிசையாக நட்டு, ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி கட்டியிருந்தது. "துணிக்கு இந்தப் பக்கம் பார்த்தாகிவிட்டது, இழுக்கலாம். அந்தப் பக்கம் யாரும் கை வைக்கக் கூடாது. இரண்டு பேர் படகில் போய் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்ப்பார்கள். கூடு ஒன்றும் இல்லை என்றால்தான் கம்பு நகரும்." ஒரு விசில் என்றால் தேநீர், இரண்டு விசில் என்றால் அப்படியே நில்.

கம்பை நகர்த்துகிறவன் பபன். மீன்பிடிக்கிற வீட்டுப் பையன், என் வயதுதான் இருக்கும். தகரப்படகு அவனுடையது. தொண்டர்களைப் பற்றி அவனுக்குத் தனி அபிப்பிராயம் உண்டு. பக்கத்தில் நின்றவனிடம் அவன் மராத்தியில் சொன்னதைப் பிரின்ஸி எனக்குத் தமிழில் இறக்கினாள். "பட்டணத்துக்காரங்க நாலு பேர் இழுக்கிறதை எங்க வீட்டு எருமை ஒண்ணு இழுக்கும். ஆனா எருமை போட்டோ எடுக்காது."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எருமையை ஜெயிக்க வேண்டும் என்று இழுத்தேன். இடுப்பளவு தண்ணீர், உச்சந்தலையில் அக்டோபர் வெயில். என் பக்கத்துப் பகுதி ஒன்பது மணிக்கே காலி. துணிக் கம்புக்கு அந்தப் பக்கம், கொக்கி எட்டுகிற தூரத்தில், நாணலை ஒட்டி ஒரு அழுகல் குவியல் மிதந்தது. கறுப்பாக, ஒரு சுளகு அகலத்தில். மற்றதெல்லாம் பச்சையாக இருக்க, இது மட்டும் என்ன அசிங்கம் என்று தோன்றியது. ஒரு குவியல்தானே. கொக்கியைப் போட்டேன். ஏதோ பிடித்துக்கொண்டிருந்த மாதிரி முதலில் வரவில்லை. பலமாக இழுத்தேன். பட்டென்று அறுந்து வந்தது.

கரைக்குக் கொண்டுவந்து கையால் அள்ளப் போனேன். உள்ளே கை வைத்ததும் சூடாக இருந்தது. மேலே கிடந்த அழுகல் நாலு இழை விலகியது. நான்கு முட்டைகள். வெள்ளை முட்டைகள் சேற்றுக் கறை ஏறிப் பழுப்பாகியிருந்தன.

முக்குளிப்பான். மிதக்கும் கூடு கட்டும். இரைக்குப் போகும்போது அழுகின செடியால் முட்டையை மூடிவிட்டுப் போகும். பார்க்கிறவனுக்குக் குப்பையாகத் தெரிவதுதான் அதன் பாதுகாப்பு. பரீட்சையில் இதை முழுப்பக்கம் எழுதி, படம் வரைந்து, மதிப்பெண் வாங்கியவள் நான்.

"தாயி" என்று கத்தினேன். அவள் இரண்டு விசில் ஊதினாள். முப்பது பேரும் அப்படியே நின்றார்கள்.

தாயி வந்து பார்த்தாள். திட்டவில்லை. "எந்தப் பக்கத்திலிருந்து?" என்று மட்டும் கேட்டாள். துணிக்கு அந்தப் பக்கம் என்றேன். தலையை ஆட்டினாள். அதற்கு அவள் இரண்டு அறை விட்டிருக்கலாம்.

பபன் படகைக் கொண்டுவந்தான். குவியலை அடியில் கோணி கொடுத்து ஏந்தி, நானும் அவனும் பிரின்ஸியும் பழைய இடத்துக்கே கொண்டுபோனோம். அறுந்துபோன பிடிமானத்துக்குப் பதிலாக நாலு மூங்கில் குச்சியைச் சுற்றிச் செருகினான். நான் அவசரமாகப் பச்சை இலையைப் பறித்து முட்டைமேல் போட்டேன். அதை எடுத்து எறிந்தான்.

"பச்சையைப் போட்டா அதுக்குத் தெரிஞ்சிரும். அது போட்ட அழுகலையே போடு" என்றான். போட்டேன். கரைக்குத் திரும்பும்போது நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து, துடுப்பை நிறுத்தாமலே சொன்னான்: "உங்க கையாலேயே இழுக்கிறீங்க, உங்க கண்ணாலேயே அழறீங்க. எங்களுக்கு ரெண்டு செலவும் மிச்சம்."

பிரின்ஸி இதை மொழிபெயர்க்கத் தயங்கினாள். சொல்லு என்றேன்.

சிக்கல் அதோடு முடியவில்லை. கூடு இருந்த இடம் வாய்க்காலின் நேர்க்கோட்டில் இருந்தது. பறவை உட்கார்ந்திருக்கிற கூட்டைக் கண்டால் வாய்க்காலை வளைப்பது என்று தாயிக்கும் ஊர்க்காரர்களுக்கும் முன்பே பேச்சு. இப்போது பறவை உட்கார்ந்திருக்கவில்லை. வருமா என்றும் தெரியாது. பபன் நியாயமாகத்தான் பேசினான். "குளிர்காலத்துல நீங்க நாலு ஞாயிறு வருவீங்க. நான் தினமும் விடியறதுக்கு முன்னால இந்த வழியா வலையோட போகணும். வளைச்சா, தினமும் வளைவைச் சுத்தணும். உயிருள்ள கூடுன்னா சுத்துறேன். விட்டுப்போன கூட்டுக்கு எதுக்குச் சுத்தணும்?"

தாயி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஊர் ஆட்கள் இன்று ஒருநாள்தான் வருவார்கள். கரை முனையிலிருந்து வேலையைத் தொடங்கினால் கூட்டுக்குப் பக்கத்தில் வந்து சேரச் சாயங்காலம் ஆகும். "நாலு மணித் தேநீர் விசில் வரைக்கும். அதற்குள் உட்கார்ந்தால் வளைப்போம். இல்லாவிட்டால் நேராக வெட்டுவோம். யாராவது அசையாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும்."

"நான்தான் இழுத்தேன். நான் பார்க்கிறேன்" என்றேன்.

கருவேல மர நிழலில் குப்புறப் படுத்தேன். பத்து மணிக்கு முக்குளிப்பான் வந்தது. செங்கழுத்து, அலகோரத்தில் மஞ்சள் பொட்டு, இரண்டு கைக்குள் அடங்குகிற அளவு. கூட்டிலிருந்து பத்தடி தூரத்தில் தலையை நீட்டிப் பார்த்தது. புதுக் குச்சிகளைப் பார்த்தது. டப்பென்று முங்கிவிட்டது. அரை மணி கழித்து வேறு இடத்தில் எழும்பியது, பார்த்தது, முங்கியது. பதினொன்றுக்கும் அதேதான்.

பதினொன்றரை ஆனது. பிரின்ஸி என் முதுகைத் தட்டினாள். "தீதி, சிஞ்ச்வட்."

"நீ போயி ஊருக்குள்ள எஸ்.டி.டி. பூத்ல இருந்து போன் பண்ணு. கொஞ்சம் லேட்டாகும்னு சொல்லு."

"ஏன் லேட்டுன்னு கேட்டா?"

"பறவைன்னு சொல்லு."

போய்விட்டுத் திரும்பி வந்தாள். முகத்தில் குழப்பம். "பெரியப்பா 'சரி'ன்னு சொன்னாங்க. அவ்ளோதான். அது குட்டா, பேடா?"

அந்த ஒரு 'சரி'யில் அண்ணன் கல்யாணத்து முன்வரிசை நாற்காலி ஒன்று காலியாவது கண்ணில் தெரிந்தது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு சேற்றுப்பருந்து நாணலுக்கு மேலே தாழ்வாக வந்து, கூட்டுக்கு நேர் மேலே ஒரு வட்டம் போட்டது. குப்பை என்று நினைத்ததோ என்னவோ, போய்விட்டது. என்னைப் போல் அது ஏமாந்ததில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

மத்தியானம் பபன் வீட்டிலிருந்து சோள ரொட்டியும், பச்சைமிளகாயும் பூண்டும் சேர்த்து இடித்த தேச்சாவும் வந்தன. நான் திருநெல்வேலிக்காரி, காரம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று தாயியிடம் சொல்லிவிட்டு ஒரு உருண்டை வாயில் போட்டேன். அடுத்த பத்து நிமிடம் பைனாகுலரில் எதுவும் தெரியவில்லை. "அழறதுக்கு இப்ப ஒரு காரணம் கிடைச்சுது" என்றான் பபன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, காது வழியாகப் புகை வருகிற மாதிரியும் இருந்தது. ஆனால் தண்ணீர்ச் சொம்பை நீட்டியதும் அவன்தான்.

இரண்டு மணி. மூன்று மணி. வாய்க்கால் கரை முனையிலிருந்து கறுப்பு நாடா மாதிரி நேராக நீண்டு வந்துகொண்டிருந்தது. பறவை இப்போது கூட்டுக்கு ஐந்தடியில் நீந்தியது. கிட்டே வரும், திரும்பும். ஒரு தடவை அலகால் கூட்டின் ஓரத்தைத் தொட்டது. தொட்டுவிட்டுப் போய்விட்டது. வெயிலில் அழுகலுக்குள் சூடு இருக்கும், முட்டை தாங்கும் என்று தாயி சொன்னாள்.

மூன்றரை மணிக்குப் பின்னால் ஸ்கூட்டர் சத்தம். வெள்ளைச்சட்டை, பளபளக்கிற கறுப்புச் செருப்பு, ஒரு கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் நாலடுக்கு டிபன் கேரியர். சிஞ்ச்வட் பெரியப்பா. கட்கிக்குத் தொலைபேசி பண்ணி அத்தையிடம் இடம் விசாரித்துக்கொண்டு, ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்திருக்கிறார். வாகனப் பாகம் செய்கிற தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஃபோர்மனாக இருந்தவர். இயந்திரத்தின் இரைச்சலை மீறிப் பேசிப் பழகின தொண்டை. அதைத் திறந்தார்.

"ஏட்டி ஜெபா..."

படுத்தவாக்கில் திரும்பி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். "பெரியப்பா, சத்தம் போடாதீங்க. பறவை பக்கத்துல நிக்கி."

முப்பது வருஷத்தில் யாரும் அவரிடம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். வாய் திறந்தபடி நின்றது. தூரத்தில் தாயியும் உதட்டில் விரலை வைத்தாள். பெரியப்பாவுக்கு வேறு வழியில்லை. குனிந்து, என் காதுக்குப் பக்கத்தில் வந்து, கோபம் முழுவதையும் கிசுகிசுத்தார்.

"ஒரு மணில இருந்து பெரியம்மா எலையைப் போட்டு வச்சிக்கிட்டு உக்காந்திருக்கா. ஒனக்குக் கூறு இருக்கா? பத்திரிகை வைக்க வந்தவளா, பாம்பு புடிக்க வந்தவளா? மூஞ்சில சேறு. முடியில பாசி. ஒங்கப்பன் பாத்தா என்ன சொல்லுவான்?"

"நான்தான் பெரியப்பா கூட்டை இழுத்துப் போட்டேன். நாலு முட்டை. நாலு மணிக்குள்ள அது திரும்ப உக்காரலைன்னா அப்படியே வெட்டிருவாங்க."

"எந்தக் கூட்டை?"

காட்டினேன். அவருக்குத் தெரியவில்லை. பைனாகுலரைக் கொடுத்தேன். வெள்ளைச் சட்டையோடு சேற்றில் எப்படிப் படுப்பது என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு கைக்குட்டையை விரித்து, ஒரு முழங்காலை மட்டும் அதில் ஊன்றினார்.

"பத்திரிகை ஸ்கூட்டி பெட்டில இருக்கு. எடுத்துத் தரவா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இந்தக் கையாலயா? வேண்டாம். ராத்திரி குளிச்சிட்டு வீட்டுக்கு வந்து, தட்டுல வச்சி, மொறையாக் குடு. அதுவரைக்கும் நான் ஒன்னைப் பாக்கவே இல்ல." டிபன் கேரியரை என் பக்கம் தள்ளினார். "சோத்தைத் தின்னு. ஆறிப் போச்சி."

மட்டன் குழம்பில் அத்தை வீட்டு இனிப்பு இல்லை. சேற்றுக் கையோடு எப்படிச் சாப்பிடுவது என்று பிரின்ஸி எனக்கு ஒரு உருண்டை உருட்டி வாயில் வைத்தாள். அதை நான் மெல்லவில்லை. ஏனென்றால் பறவை கூட்டுக்கு ஓரடி தூரத்தில் நின்றது.

நாலு மணிக்கு இன்னும் மூன்று நிமிடம். வாய்க்கால் வேலைக்காரர்கள் கூட்டுக்கு இருபதடி தள்ளிக் கொக்கியோடு நின்றார்கள். பபன் படகில் நின்றபடி அடுத்த கம்பைக் கையில் பிடித்திருந்தான். தாயி விசிலை வாயருகே கொண்டுபோனாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைத்தான் பார்த்தாள்.

பறவை முங்கியது. போச்சு என்று நினைத்தேன்.

கூட்டின் மறுபக்கத்தில், குச்சிகளுக்கு நடுவே, தண்ணீரிலிருந்து நேராக எழும்பியது. ஒரே தாவு. ஈரம் சொட்டச் சொட்டக் குவியலின் மேல் நின்றது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. பிறகு அலகால் அழுகலை ஒவ்வொரு இழையாக எடுத்து ஓரத்தில் போட ஆரம்பித்தது. பதற்றமே இல்லை. கடையைத் திறந்து பலகையை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிற மாதிரி. மூடியதையெல்லாம் விலக்கியதும் கூட்டுக்குள் காலால் என்னவோ செய்தது, மாரை அசைத்து அசைத்து இறக்கி, உட்கார்ந்தது.

தாயி விசிலை வாயிலிருந்து எடுத்து, ஊதாமல், சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். தேநீருக்குக் கையாலேயே சைகை காட்டினாள். முப்பது பேர் பூனை நடை நடந்து கரையேறினார்கள். பெரியப்பா பைனாகுலரை இறக்கவே இல்லை.

"ஏட்டி, அது இப்பத்தான் முட்டையைத் திருப்பிச்சு, பாத்தியா?" என்றார். இன்னும் கிசுகிசுப்பாகத்தான்.

"பைனாகுலர் ஒங்க கையில இருக்கு பெரியப்பா."

பபன் கையிலிருந்த கம்பையும் கூட்டையும் ஒருமுறை பார்த்தான். முகத்தைச் சுளித்து என்னவோ முணுமுணுத்தான். பிரின்ஸி காதைத் தீட்டிக் கேட்டுச் சொன்னாள்: "தினமும் நாப்பது தடவை எக்ஸ்ட்ரா துடுப்பு போடணுமாம். அந்தப் பறவைக்கு உங்க பேரை வைக்கப் போறானாம். காலைல திட்டுறதுக்கு ஈஸியா இருக்கும்னு."

ஆனால் நேர்வரிசையில் நட்டிருந்த கடைசி மூன்று கம்பையும் அவனே பிடுங்கினான். கூட்டிலிருந்து தள்ளி, அகலமாக, அரிவாள் மாதிரி வளைத்து ஒன்றன்பின் ஒன்றாக நட்டுக்கொண்டு போனான். துணி கட்ட மறக்கவில்லை. மூன்றாவது கம்பைச் சேற்றில் இறக்கும்போது தகரப்படகு மூங்கிலில் இடித்து டங்கென்றது.

பறவை எழுந்தது. ஆனால் அது ஓடவில்லை. ஓரத்தில் போட்டு வைத்திருந்த அழுகலை எடுத்து எடுத்து முட்டைமேல் போட்டது. இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் மூன்று, நடுவில் ஒரு நீள வேர். எல்லாம் மூடியாயிற்று என்று தெரிந்த பிறகுதான் தண்ணீரில் வழுக்கி இறங்கி, இரை தேடப் போனது.

பெரியப்பா பைனாகுலரை இங்கும் அங்கும் ஆட்டித் தேடினார்.

"எங்கட்டி முட்டை? வெறும் குப்பைல்லா கெடக்கு?"

"ஆமா பெரியப்பா" என்றேன். வாயில் வைத்திருந்த சோற்றை அப்போதுதான் விழுங்கினேன்.